பத்து வருடத்துக்கு முன்னால் சொன்ன சொல்

2020 ஜூலை முதல் வாரம். சிங்கப்பூர்ப் பொதுத் தேர்தலுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. செங்காங் குழுத்தொகுதியில் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி சார்பில் நின்ற ரயீசா கான் 2018-லும் 2020 மே மாதத்திலும் இனம், மதம் பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியவற்றைக் காட்டிக் காவல்துறையிடம் புகார் போனது. அன்று இரவே, கட்சித் தலைவர்கள் பக்கத்தில் நிற்க, அவர் மன்னிப்புக் கேட்டார். அவரைக் கடுமையாகச் சாடியவர்களில் ஒருவர் வெண்டி செங். ஷியாஷுவே என்ற பெயரில் 2003 முதல் வலைப்பூ எழுதி இந்த ஊர் முழுக்கப் பிரபலமானவர். அவர் சாடிய சூட்டோடு சூடாக, அவர் 2010 வாக்கில் வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றிப் போட்டிருந்த ட்வீட்டுகளை வேறு சிலர் தேடியெடுத்துப் பரப்பினார்கள். அவர் மீதும் புகார் போனது. அவரை வைத்து நிகழ்ச்சி நடத்திவந்த இணைய ஒளிவழி, இனி அவரோடு சேர்ந்து வேலை செய்யப் போவதில்லை என்றது.

அந்த ட்வீட்டுகளில் இருந்த சொற்களை இங்கே திருப்பி எழுதப் போவதில்லை. அந்த வாரம் என் கைப்பேசியில் வந்த செய்திகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "பத்து வருஷத்துக்கு முன்னால சொன்னதை இப்ப ஏன் கிளறணும்?" கேட்டவர்களில் தமிழர்களும் நிறையப் பேர். நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பதில் சொல்ல, சொன்னவரின் பக்கம் நின்று நாள்காட்டியைப் பார்த்தால் போதாது.

முதலில், பழைய பேச்சு எப்படி மேலே வருகிறது என்று பார்ப்போம். முன்பெல்லாம் ஒருவர் வாய்தவறிச் சொன்னது அந்த மேசையோடு போய்விடும். நாளிதழில் வந்திருந்தால்கூட அடுத்த வாரம் அதில் மீன் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) அப்படியில்லை. ஒருவரின் கணக்குப் பெயரையும் ஒரு சொல்லையும் போட்டுத் தேடினால், பத்து ஆண்டுக்கு முந்தையது நேற்றுப் போட்டது மாதிரி, அதே எழுத்தில், அதே படத்தோடு வந்து நிற்கும். படிப்பவர் கண்ணில் அது அன்றைய பேச்சாகவே படுகிறது. கீழே இருக்கும் தேதி சின்ன எழுத்து. அதை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்?

அப்புறம், தேடுவதற்கு ஒரு தருணம் வேண்டும். யாரும் பொழுதுபோகாமல் உட்கார்ந்து தேடுவதில்லை. அந்தப் பிரபலத்துக்கு ஒரு விருதோ புது விளம்பரமோ கிடைத்திருக்கும், இல்லாவிட்டால் அவர் இன்னொருவரைக் குறை சொல்லியிருப்பார். அமெரிக்க நகைச்சுவை நடிகர் கெவின் ஹார்ட்டை ஆஸ்கர் விழாவைத் தொகுத்து வழங்க 2018 டிசம்பரில் அறிவித்தார்கள். தன்பால் ஈர்ப்பு உள்ளவர்களைப் பற்றி அவர் 2009 முதல் 2011 வரை எழுதியிருந்த ட்வீட்டுகள் உடனே வெளியே வந்தன. இரண்டே நாளில் விலகினார். மேடை பெரிதாகும்போது பழையதைப் பற்றிய கேள்வியும் பெரிதாகிறது.

ஷியாஷுவே விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அது 2020. அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இங்கே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் விடுதிகளுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள். அந்த ஆண்டு சிங்கப்பூரில் பதிவான கொவிட்-19 தொற்றில் பத்தில் ஒன்பது பங்கு விடுதிகளில்தான். ஓர் அறையில் எத்தனை கட்டில், ஒரு கழிவறைக்கு எத்தனை பேர் என்றெல்லாம் ஊரே முதன்முறையாகப் பேசிக்கொண்டிருந்தது. சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டுபோன தொண்டூழியர்களில் என் தங்கையும் ஒருத்தி. அப்படிப்பட்ட ஜூலையில், அதே ஊழியர்களை இழிவாகப் பேசிய வரிகள் வந்து விழுந்தன. 2010-ல் அதே வரிகளைப் படித்துவிட்டுப் பலர் சிரித்திருக்கலாம். 2020-ல் சிரிக்க முடியவில்லை. வரி மாறவில்லை, படித்த ஊர் மாறியிருந்தது.

இவ்வளவும் பரபரப்பு எப்படிப் பற்றிக்கொள்கிறது என்பதற்கான விளக்கம். வலி எங்கிருந்து வருகிறது என்பது வேறு விஷயம். அதற்கு ஒரு தெருவின் கதையைச் சொல்கிறேன்.

ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் வங்கிகளுக்கு நடுவே சூலியா ஸ்ட்ரீட் இருக்கிறது. அதன் பழைய பெயர் கிளிங் ஸ்ட்ரீட். மலாயில் கெலிங் என்றால் கலிங்கத்திலிருந்து வந்தவர், அதாவது கடல்தாண்டி வந்த தென்னிந்தியர். நூற்றாண்டுக் கணக்கில் அது வெறும் அடையாளப் பெயர்தான். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றைக்கும் கம்பீரமாக அந்தப் பெயரோடு நிற்கிறது. ஆனால் கூலி ஆட்களைக் கூப்பிடவும் அதட்டவும் அதே சொல்லைப் பயன்படுத்திப் பயன்படுத்தி, அதில் அழுக்கு ஏறிவிட்டது. இந்தியர்கள் ஆட்சேபித்ததால் 1920களின் தொடக்கத்திலேயே அந்தத் தெருவுக்குப் பெயர் மாற்றினார்கள். நூறு வருடத்துக்கு முன்பே நம் ஆட்கள், 'இந்தச் சொல் எங்களுக்கு வேண்டாம்' என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது யாராவது புதிதாகக் கோபப்படப் பழகிக்கொண்டோம் என்று சொன்னால், அவர்களுக்கு இந்தத் தெருவைக் காட்டலாம்.

இழிசொல் சர்ச்சையில் எப்போதும் வந்து நிற்கும் வாதம் ஒன்று உண்டு. "அகராதியைப் பாருங்கள், அந்தச் சொல்லில் தப்பே இல்லை" என்பார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் நடிகை குஷ்பு 'சேரி மொழி' என்று எழுதி, கண்டனம் கிளம்பியதும் பிரெஞ்சில் சேரி என்றால் அன்பு என்று விளக்கம் கொடுத்தார். வேளச்சேரி, செம்மஞ்சேரி என்று ஊர்ப்பெயர்கள் இல்லையா என்றும் கேட்டார். சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அதில் இழிவில்லை; சங்க காலத்தில் எல்லாருடைய குடியிருப்பும் சேரிதான். அகராதி சரி. ஆனால் ஒருவரைத் திட்டும்போது 'சேரி' என்று சொன்னால், கேட்கிறவருக்கு அகராதி ஞாபகம் வராது. எந்தத் தெருவுக்குள் யாரைச் செருப்புப் போட்டு நடக்க விடவில்லை என்பதுதான் ஞாபகம் வரும். சொல்லின் பொருளை முடிவு செய்வது அதன் வேர் இல்லை, அது புழங்கிய இடம்.

'அண்ணே' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் இதைவிடப் பாசமான விளி ஏது? அதுதான் இந்த ஊரில் மற்ற இனத்தார் வாயில் 'ஆ நே' ஆகி, இந்திய ஆண்கள் எல்லாருக்கும் பொதுப்பெயராகி, சொல்லும் தொனியைப் பொறுத்து வசையாகவும் ஆனது. 'அப்பு நே நே' என்று குழந்தைகளைப் பயமுறுத்தும் சொல்லும் அதன் வழி வந்ததுதான் என்பார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஈசூனில் எங்கள் புளோக்கில் நடந்தது இது. நானும் என் மகளும் மின்தூக்கியில் ஏறினோம். அவள் அப்போது தொடக்கநிலை ஒன்று. உள்ளே ஒரு பாட்டியும் அவர் பேரனும். பையன் பொத்தான்களை எல்லாம் அமுக்கிக்கொண்டிருந்தான். பாட்டி அவன் கையைப் பிடித்து இழுத்து, என்னைத் தாடையால் காட்டி, தன் மொழியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது கடைசி நான்கு அசைதான். பையன் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பாட்டியின் கால்சட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை. 'பார்த்தீங்களா, அடங்கிட்டான்' என்று நன்றி சொல்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ஒன்பதாவது மாடியில் இறங்கியதும் மகள் கேட்டாள்: "அப்பா, அப்பு யாரு? உங்களுக்கு அந்தப் பேரும் இருக்கா?"

அந்தப் பாட்டி மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அன்று மதியமே அதை மறந்திருப்பார். என் அப்பா எழுபதுகளில் கேட்ட அதே சொல்லை, நான் பள்ளிப் பேருந்தில் கேட்ட அதே சொல்லை, என் மகள் அன்று கேட்டாள் என்பதுதான் எனக்கு உறைத்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு. பெரும்பான்மையில் இருக்கும் ஒருவர் அப்படிப்பட்ட சொல்லைத் தன் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் சொல்லியிருக்கலாம். அவரைப் பொறுத்தவரை அது ஒருமுறை, எப்போதோ, சின்ன வயதில். ஆனால் அந்த ஒருமுறைகள் எல்லாம் வந்து சேர்வது கொஞ்சம் பேரின் காதில்தான். சொன்னவருக்குப் பத்து வருடம் ஆகிவிட்டது. கேட்டவருக்கு அதற்குப் பிறகும் இருபது பேர் சொல்லிவிட்டார்கள், கடைசியாகப் போன மாதம். ஒரு பிரபலத்தின் பழைய ட்வீட் மேலே வரும்போது, அந்த இருபது பேருக்கும் சேர்த்துத்தான் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இது அவருக்குக் கொஞ்சம் அநியாயமாகத் தோன்றலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரபலம் என்பதற்கு அர்த்தமே, அவர் ஒருமுறை சொன்னால் அது ஆயிரம் முறை சொன்னதாகும் என்பதுதானே. அந்தப் பெருக்கலை வைத்துத்தானே விளம்பரக்காரர்கள் அவருக்குக் காசு கொடுக்கிறார்கள்.

சட்டத்தைப் பற்றி ரொம்ப நீட்டாமல் சொல்லிவிடுகிறேன். மற்ற நாடுகளில் இது ரசிகர்களுக்கும் நிறுவனங்களுக்கும் நடுவில் நடக்கும் சண்டை. இங்கே முதல் நாளே காவல்துறை வந்துவிடுகிறது. 1964 இனக் கலவரங்களின் நினைவு இந்த ஊர்ச் சட்டங்களுக்குள் இருக்கிறது; ஜூலை 21-ஐ இன நல்லிணக்க நாளாகப் பள்ளிகளில் கடைப்பிடிப்பது அதனால்தான். 2005-ல் இனவெறிக் கருத்து எழுதிய இரண்டு வலைப்பதிவர்களை தேசநிந்தனைச் சட்டத்தின்கீழ் சிறைக்கு அனுப்பினார்கள். அந்தச் சட்டம் 2022-ல் நீங்கிவிட்டது. இந்தச் சர்ச்சைகள் நடந்தபோது, இனங்களுக்கிடையே பகை மூட்டுவதற்கு எதிரான தண்டனைச் சட்டத்தின் 298ஏ பிரிவு இருந்தது, மூன்று ஆண்டு வரை சிறை. 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இன நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டத்தில் ஒரு புது வழி வந்திருக்கிறது: குற்றம் கடுமையானதாக இல்லாவிட்டால், வழக்குக்குப் பதிலாக, யாரைப் புண்படுத்தினாரோ அந்தச் சமூகத்தோடு உறவைச் சரிசெய்யும் நடவடிக்கைகளில் ஈடுபட அவருக்கு வாய்ப்புக் கொடுக்கலாம். எனக்கு இது பிடித்திருக்கிறது.

காவல்துறை உடனே வருவதில் பாதுகாப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புகார் போன நிமிடமே பேச்சு நின்றுவிடுகிறது. 'விசாரணை நடக்கிறது' என்றதும், சொன்னவரும் வாய்திறக்க மாட்டார், கேட்டவரும் இனி எதற்கு என்று விட்டுவிடுவார். 'ஏன் வலித்தது' என்ற கேள்வி 'குற்றமா இல்லையா' என்று சுருங்கிவிடுகிறது.

2019 ஜூலையில், ரொக்கமில்லாமல் பணம் செலுத்தும் ஈ-பே முறைக்காக வந்த விளம்பரத்தை நினைத்துப் பாருங்கள். அது பழைய பேச்சு இல்லை, புது விளம்பரம்தான். ஆனாலும் இந்த ஊரின் மன்னிப்புப் பழக்கத்தைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல உதாரணம் இல்லை. மீடியாகார்ப் நடிகர் டென்னிஸ் சியூ நான்கு வேடம் போட்டிருந்தார். ஒன்றில் முகத்தைக் கருமையாக்கி, இந்தியர் வேடம், அடையாள அட்டையோடு. அட்டையில் இருந்த பெயர் கே. முத்துசாமி. இரண்டு லட்சம் தமிழர் இருக்கும் ஊரில் ஒரு முத்துசாமி கிடைக்கவில்லையா என்று எங்கள் வீட்டில் அம்மா கேட்டார். தயாரித்த நிறுவனங்கள், உள்நோக்கமில்லாமல் ஏற்பட்ட மனவருத்தத்துக்கு வருந்துவதாக அறிக்கை விட்டன. பிரீத்தி நாயர், சுபாஸ் நாயர் என்ற உடன்பிறப்புகள் இருவர், கெட்ட வார்த்தைகளோடு ஒரு பதிலடிக் காணொளி போட்டார்கள். அதற்கு அவர்கள் வெளியிட்ட முதல் மன்னிப்பு, அந்த நிறுவனங்களின் அறிக்கையை வரிக்கு வரி ஒட்டியிருந்தது. உள்துறை அமைச்சு அதை மன்னிப்புக் கேட்பதுபோன்ற பாசாங்கு என்றது. யோசித்துப் பாருங்கள்: அதே வாக்கியங்கள் ஒரு பக்கம் மன்னிப்பு, இன்னொரு பக்கம் பாசாங்கு. கடைசியில் விளம்பரம் குற்றமில்லை என்றானது. காணொளி போட்டவர்களுக்கு 24 மாத நிபந்தனையுடன் எச்சரிக்கை. காணொளியின் வசைகளை நான் ஆதரிக்கவில்லை, ஓர் இனத்தை முழுக்கத் திட்டுவது யார் செய்தாலும் தப்புதான். ஆனால் அந்த வாக்கியங்கள் எவ்வளவு வெறுமையானவை என்பதை அந்த இருவரைப்போல யாரும் காட்டியதில்லை. டென்னிஸ் சியூ ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் தன் பெயரில் மன்னிப்புக் கேட்டார்.

தமிழ்ச் செய்தியில் 'வருத்தம் தெரிவித்தார்' என்பதும் 'மன்னிப்புக் கேட்டார்' என்பதும் வேறுவேறு. செய்தி அறையில் வேலை பார்த்த யாரையும் கேளுங்கள், இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஆசிரியர் விடமாட்டார். வருத்தம் தெரிவிப்பவர் தன் மனநிலையைச் சொல்கிறார். மன்னிப்புக் கேட்பவர் எதிரில் இருப்பவரிடம் ஒன்றைக் கேட்கிறார், அவர் கொடுக்காமலும் போகலாம். இன்னொரு வாக்கியம் இருக்கிறது, எல்லா மேடையிலும் கேட்டிருப்போம்: 'யார் மனமாவது புண்பட்டிருந்தால்.' அந்த 'இருந்தால்' வேலையைக் கெடுத்துவிடுகிறது. புண்பட்டோம் என்று வந்து நிற்பவரிடம் 'பட்டிருந்தால்' என்பது, 'பட்டதா என்று நான்தான் முடிவு செய்வேன்' என்பது மாதிரி. பழைய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கும் ஒருவரை நம்பலாமா என்று பார்க்க நான் அறிக்கையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. என்ன சொன்னேன் என்று அவர் சொல்கிறாரா, யாரைச் சொன்னேன் என்று சொல்கிறாரா, இந்தப் பத்து வருடத்தில் வேறு எப்படி நடந்துகொண்டிருக்கிறார் — இவ்வளவுதான் பார்ப்பேன். மூன்றும் இருந்தால் அவரை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து. வளர்ந்துவிட்ட ஒருவரைப் பழைய வரியிலேயே கட்டிப்போட்டு அடிப்பதால் யார் காயமும் ஆறப்போவதில்லை.

2019-ல் அந்த விளம்பரம் வந்த வாரம், லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். எங்களில் மூத்தவர் ஒருவர், துறைமுகத்தில் முப்பது வருடம் உழைத்தவர், "விடுங்கப்பா, இதைவிட எவ்வளவோ கேட்டாச்சு, நாம நம்ம வேலையைப் பாப்போம்" என்றார். நண்பரின் மகள், பல்கலைக்கழக மாணவி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உங்களுக்குப் பழகிப்போச்சு மாமா. எனக்குப் பழக வேண்டாம்." மூத்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் தட்டிலிருந்த வடையைப் பிட்டு அவள் பக்கம் நகர்த்தினார்.

இரண்டு பேரையும் எனக்குப் புரிகிறது. விட்டுக்கொடுத்துப் போன தலைமுறைதான் இங்கே நமக்கு வீடும் படிப்பும் உண்டாக்கிக் கொடுத்தது. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

நம் பேச்சையும் பார்க்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை செய்யும் ஊழியர்களை இங்கே பிறந்த தமிழர்கள் 'ஊர்க்காரன்' என்கிறோம். அகராதியில் அதைவிட நெருக்கமான சொல் கிடையாது, ஒரே ஊர்க்காரர் என்றால் சொந்தம் மாதிரி. நம் வாயில் அது என்னவாக ஆகியிருக்கிறது? "ஞாயித்துக்கெழமை தேக்கா பக்கம் போகாதே, ஊர்க்காரனுங்க கூட்டம்." எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். 2020 ஜூலையில் ஷியாஷுவே மேல் கோபப்பட்டு எழுத உட்கார்ந்தபோது, என் ஃபேஸ்புக் பக்கத்தில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். 2012-ல் நான் போட்ட ஒரு பதிவு வந்தது, நெரிசலான பேருந்தைப் பற்றி. பதினான்கு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். எல்லாரும் தமிழர்கள். அதை அழிக்கவில்லை. அதன் கீழேயே, அப்படி எழுதியது தப்பு, யாரை எழுதினேன் என்று சொல்லி, இன்றைய தேதியோடு எழுதினேன். எழுதி முடித்தபோது உறைத்தது, யாரைச் சொன்னேனோ அவர்களில் ஒருவர்கூட என் நண்பர் பட்டியலில் இல்லை.

இந்தச் சர்ச்சைகள் எல்லாவற்றிலும் எனக்கு ஆறாத குறை இதுதான். யாரைப் பற்றி இழிவாகப் பேசினார்களோ அவர்கள் அந்த அறையிலேயே இருப்பதில்லை. ட்வீட் ஆங்கிலத்தில். கண்டனமும் ஆங்கிலத்தில். மன்னிப்பு வந்தால் அதுவும் ஆங்கிலத்தில், இன்ஸ்டகிராமில். ஊழியர்கள் பேசுவது தமிழும் வங்காளமும்.

2021-ல் எங்கள் புளோக்குக்குச் சாயம் பூச ஆட்கள் வந்திருந்தார்கள். ஒருவர் சிவகங்கைப் பக்கம். மதிய வேளையில் கீழ்த்தளத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்திருப்பார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன், ஊர்க் கதை பேசுவோம். ஒருநாள் பேச்சுவாக்கில், போன வருடம் இப்படி ஒரு பிரச்சினை நடந்ததே தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். "எங்களைப் பத்தியாண்ணே? யாரு அவங்க? என்ன சொன்னாங்க?" என்றார். பெயரைச் சொன்னேன், அவருக்குத் தெரியவில்லை. சொன்னதைக் கொஞ்சம் மழுப்பித் தமிழில் சொன்னேன். பத்து வருடத்துக்கு முன்னால் எழுதியது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் தண்ணீர்ப் போத்தலை மூடி வைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினார்.

"பத்து வருஷமா? நான் வந்து பதினொண்ணு ஆச்சுண்ணே."